ஹிஸ்ட்ரியானிக்: அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் அளவுக்கு மீறி அழுதாலோ, கத்தினாலோ, கையைக் காலை ஆட்டிப் பேசினாலோ அவர்மேல் ஒட்டுவதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஹிஸ்ட்ரியானிக். நாடக விமர்சனத்தில் வரும், அரசியல் கட்டுரையில் வரும், மனநல மருத்துவர் எழுதும் குறிப்பில் வரும், ஒரு வாத்தின் பெயரில்கூட வருகிறது. இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே. சில பதில்கள் நீளமாக இருக்கும், கதை அப்படி.

நேரடியாகச் சொன்னால் என்ன அர்த்தம்?

இரண்டு அர்த்தம். ஒன்று சாதுவானது: நடிகர்களுக்கு உரிய, நடிப்புக் கலை சார்ந்த. 'ஹிஸ்ட்ரியானிக் டேலன்ட்' என்றால் நடிப்புத் திறமை, அவ்வளவுதான், அதில் குத்தல் கிடையாது. இன்று அதிகம் புழங்குவது இரண்டாவது அர்த்தம். மேடையில் இல்லாத ஒருவர் மேடையில் நிற்பவரைப் போல உணர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டுவது, அதுவும் பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து காட்டுவது. 'சும்மா சீன் போடாதே' என்று நாம் சொல்கிற இடத்தில், ஆங்கிலம் பேசுகிற ஒருவர் கொஞ்சம் படித்த தோரணையில் திட்ட நினைத்தால் இந்தச் சொல்லை எடுப்பார்.

பெயர்ச்சொல்லாக வரும்போது ஹிஸ்ட்ரியானிக்ஸ். விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி பார்க்கலாம்: லேசாக இடித்ததும் காலைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று உருளுகிற கால்பந்து வீரர் செய்வது ஹிஸ்ட்ரியானிக்ஸ்.

எப்படி உச்சரிப்பது?

ஹிஸ்-ட்ரி-ஆ-னிக். அழுத்தம் மூன்றாவது அசையில், அந்த 'ஆ'வில்.

இந்தச் சொல் எங்கே பிறந்தது?

லத்தீனில் ஹிஸ்ட்ரியோ என்றால் நடிகன். அதிலிருந்து பிற்கால லத்தீனில் ஹிஸ்ட்ரியோனிகஸ், அங்கிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு. அகராதியில் இவ்வளவுதான் போட்டிருப்பார்கள். ஆனால் லத்தீனுக்கு அது எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியமான பகுதி, ஏனென்றால் அது லத்தீன் சொல்லே இல்லை என்று ரோமானியர்களே சொல்லிக்கொண்டார்கள்.

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்கிற கதை இது. கி.மு. 364. ரோமில் கொள்ளைநோய். அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்ட நோய் அது, பெரிய படைத்தலைவரான கமில்லஸே அதில்தான் செத்துப்போனார். வேண்டாத தெய்வமில்லை, செய்யாத சடங்கில்லை, எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் தெய்வங்களின் கோபத்தைத் தணிக்க மேடைக் காட்சிகள் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். அதுவரை சர்க்கஸ் திடலில் நடக்கும் போட்டிகளைத் தவிர வேறு எதையும் பார்த்துப் பழகாத, சண்டையே தொழிலாக இருந்த ஊர் அது. அதனால் ஆட்களை வெளியே இருந்து, வடக்கே இருந்த எட்ரூரியாவிலிருந்து வரவழைத்தார்கள். வந்தவர்கள் குழல் இசைக்கு ஏற்ப அழகாக ஆடினார்கள். பாட்டு இல்லை, கதை இல்லை, அபிநயமும் இல்லை, வெறும் ஆட்டம். அதைப் பார்த்த ரோமானிய இளைஞர்கள் தாங்களும் ஆட ஆரம்பித்து, நடுநடுவே ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக் கவிதை சொல்லச் சொல்ல, கொஞ்சம் கொஞ்சமாக அது ஒரு தொழிலாக மாறியது. எட்ரூரியாவின் மக்களான எட்ரஸ்கர்கள் தங்கள் மொழியில் ஆட்டக்காரனை 'இஸ்டர்' என்று அழைத்ததால் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் 'ஹிஸ்ட்ரியோனெஸ்' என்று பெயர் வந்தது என்கிறார் லிவி.

சரி, நோய் போயிற்றா? இல்லை. காட்சிகள் நடந்துகொண்டிருக்கும்போதே டைபர் ஆறு பெருக்கெடுத்து சர்க்கஸ் திடலை மூழ்கடித்தது, ஜனங்கள் தெய்வம் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது என்று மேலும் பயந்துபோனார்கள். பிறகு முந்தைய தலைமுறையில் யாரோ ஒரு தலைவர் சடங்காக ஓர் ஆணி அடித்து ஒரு கொள்ளைநோயை நிறுத்தியதாகப் பெரியவர்கள் நினைவுபடுத்த, அந்த ஆணியை அடிப்பதற்காகவே ஒரு சர்வாதிகாரியை, அதாவது கொஞ்ச காலத்துக்கு மட்டும் முழு அதிகாரம் பெறும் ரோமானியத் தலைவரை, நியமித்தார்கள்.

லிவி சொன்னதை அப்படியே நம்பலாமா?

முழுசாக நம்ப வேண்டாம். அவர் எழுதியது சம்பவம் நடந்து மூன்று நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. அதுவும் இல்லாமல் இதே சொல்லுக்கு வேறு கதைகளும் இருந்தன. க்ளூவியஸ் ரூஃபஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் சொன்னதாகக் கிரேக்க எழுத்தாளர் ப்ளூடார்க் எழுதியிருப்பது இப்படி: அதே ஆண்டு, அதே கொள்ளைநோய், ஆனால் இந்தக் கதையில் ரோமில் இருந்த நடிகர்கள் எல்லோரும் நோயில் இறந்துவிடுகிறார்கள். எட்ரூரியாவிலிருந்து புது ஆட்கள் வருகிறார்கள், அவர்களில் மிகப் புகழ்பெற்றவன் பெயர் ஹிஸ்டர், அதனால் எல்லா நடிகர்களுக்கும் அவன் பெயர். கவனித்தீர்களா, லிவியின் கதையில் அதுவரை ரோமில் நடிகர்களே கிடையாது, இங்கே இருந்தவர்கள் எல்லாம் செத்துப்போகிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

இன்னும் ஒரு கூட்டம், நடிகர்கள் முதலில் வந்தது அட்ரியாட்டிக் கடலோரம் உள்ள ஹிஸ்ட்ரியாவிலிருந்து, அதனால்தான் இந்தப் பெயர் என்றது. இன்று வரைபடத்தில் இஸ்ட்ரியா என்று இருக்கிற தீபகற்பம் அது. 7-ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிடோர் அதையும் சொல்லிவிட்டு, 'வரலாறு' என்று பொருள்படும் ஹிஸ்டோரியாவிலிருந்தும் வந்திருக்கலாம் என்று இன்னொன்றையும் சேர்த்து வைத்தார். ஓசை ஒத்துப்போனால் போதும், உறவு சொல்லிவிடுவார்கள்.

இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக எட்ரஸ்கன் பக்கமே சாய்கிறார்கள். அதற்கு மேல் தோண்ட முடியாததற்குக் காரணம் உண்டு. எட்ரஸ்கன், லத்தீனும் கிரேக்கமும் சேர்ந்த இந்தோ ஐரோப்பியக் குடும்பத்து மொழி இல்லை. கிரேக்கத்திலிருந்து வந்த எழுத்தில் எழுதியிருப்பதால் கல்வெட்டுகளை வாய்விட்டு வாசித்துவிடலாம், ஆனால் கிடைத்திருப்பதில் பெரும்பகுதி கல்லறைப் பெயர்களும் காணிக்கைக் குறிப்புகளும்தான், அதை வைத்துக்கொண்டு ஒரு மொழியின் அகராதியைக் கட்டுவது கஷ்டம். முகமூடி என்று பொருள்பட்ட லத்தீன் சொல்லான 'பெர்சோனா'வும் இதே வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள்: தார்க்வினியாவில் ஒரு எட்ரஸ்கன் கல்லறைச் சுவரில் முகமூடி போட்ட ஓர் உருவம் இருக்கிறது, அதன் பக்கத்தில் 'பெர்சு' என்று எழுதியிருக்கிறது.

ரோமில் இது மரியாதையான சொல்லா?

தொழிலின் பெயர்தான், ஆனால் அந்தத் தொழிலுக்கு மரியாதை இல்லை. மேலே சொன்ன அதே பகுதியிலேயே லிவி இன்னொன்று சொல்கிறார்: அட்டெல்லன் என்ற ஒருவகைக் கேலி நாடகத்தை மட்டும் ரோமானிய இளைஞர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்களாம், ஹிஸ்ட்ரியோக்கள் தொட்டுத் தீட்டுப்படுத்த விடவில்லையாம். தீட்டு என்ற பொருள் வருகிற வினைச்சொல்லைத்தான் லத்தீனிலும் போட்டிருக்கிறார்.

கூலிக்கு மேடை ஏறியவனுக்கு 'இன்ஃபாமியா' என்ற சட்டக் களங்கம் வந்து சேரும். பல குடியுரிமைகள் போய்விடும். கி.மு. 18-இல் பேரரசர் அகஸ்டஸ் கொண்டுவந்த திருமணச் சட்டம் செனட்டர் குடும்பத்தார் நடிகர் குடும்பத்தில் சம்பந்தம் செய்யக் கூடாது என்றது. கி.பி. 23-இல் அடுத்த பேரரசர் டைபீரியஸ் நடிகர்களை இத்தாலியைவிட்டே துரத்தினார்.

ஆனால் காசு கொட்டியது. ரோஸ்கியஸ் என்ற நடிகர் ஆண்டுக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சம்பாதித்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். புகழ்பெற்ற பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ அவருக்கு நண்பர், வழக்கிலும் வாதாடினார். சர்வாதிகாரி சுல்லா அவருக்கு, செனட்டர்களுக்கு அடுத்த உயர்குடியான குதிரைவீரர் வகுப்பின் தங்க மோதிரத்தையே கொடுத்தார்.

நேர்மாறாகப் போனவர் லபேரியஸ். பிறப்பிலேயே குதிரைவீரர் வகுப்பு, அங்கத நாடகங்கள் எழுதுபவர், வயது 60. கி.மு. 46-இல் ஜூலியஸ் சீசர் 5 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்து, நீ எழுதியதை நீயே நடி என்றார். சீசர் கேட்டால் அது வேண்டுகோள் இல்லை. லபேரியஸ் மேடை ஏறினார், அந்த நொடியே அந்தஸ்து போயிற்று. ஆட்டம் முடிந்ததும் சீசர் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். குதிரைவீரர்களுக்கான வரிசையில் உட்காரப் போனால் யாரும் நகரவில்லை. 'இடம் கொடுத்திருப்பேன், எனக்கே நெருக்கடியாக இருக்கிறது' என்றாராம் சிசரோ. அதற்கு லபேரியஸ், 'ஆச்சரியம்தான், நீங்கள் எப்போதும் இரண்டு நாற்காலியில் உட்காருபவராயிற்றே' என்றாராம். சிசரோ அரசியலில் இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தது ஊருக்கே தெரியும்.

நம் ஊரிலும் 'கூத்தாடி' என்பது அரசியல் மேடையில் இன்னும் வசைச்சொல்லாகத்தான் வருகிறது. எனவே ரோமானியர்களைப் பார்த்து நாம் ரொம்ப ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில் வரும்போதே திட்டாகத்தான் வந்ததா?

பெரும்பாலும் ஆமாம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாடகமே ஒரு சண்டை. ஒரு பக்கம் அரசவையும் நாடகக் கொட்டகைகளும், இன்னொரு பக்கம் நாடகத்தைச் சாத்தானின் வேலை என்று நினைத்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர். அந்தச் சூழலில் 'நடிகனைப் போன்ற' என்ற அடைமொழிக்கு 'பாசாங்கான' என்ற வாடையும் சேர்ந்துதான் இருந்தது.

இதே வேரிலிருந்து வந்த தலைப்போடு ஒரு புத்தகமே உண்டு. வில்லியம் ப்ரின் என்ற வழக்கறிஞர் எழுதிய 'ஹிஸ்ட்ரியோமாஸ்டிக்ஸ்', அதாவது நடிகர்களுக்கான சவுக்கு. அட்டையில் 1633 என்று போட்டு வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், முழுக்க நாடகத்தைத் திட்டி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகத்தையே அங்கம், காட்சி என்று நாடகம்போலப் பிரித்து எழுதியிருக்கிறார் மனிதர். பொருளடைவில் நடிகைகளை வேசிகள் என்று ஒரு வரி. ராஜா முதலாம் சார்லஸின் மனைவி ஹென்ரியட்டா மரியா அப்போதுதான் அரசவை நாடகம் ஒன்றில் நடித்திருந்தார். இது ராணியைச் சொன்னதுதான் என்று பிடித்துக்கொண்டார்கள். 1634-இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஆயுள் சிறை, 5,000 பவுண்டு அபராதம், வழக்கறிஞர் தொழில் பறிப்பு, இரண்டு காதையும் வெட்டு என்று தீர்ப்புச் சொன்னது. புத்தகத்தைக் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவர் கையால் எரித்தார்கள்.

ப்ரின் சிறையிலிருந்தும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1637-இல் மறுபடி தண்டனை, மிச்சமிருந்த காதும் போயிற்று, கன்னத்தில் சூடு வேறு. 1640-இல் நாடாளுமன்றம் விடுவித்தது, லண்டனில் கூட்டம் கூடி வரவேற்றது. இரண்டே ஆண்டில், 1642-இல், நாடாளுமன்றம் நாடகக் கொட்டகைகளை மூடியது. காதை வெட்டிய தண்டனைமேடைகளைச் சுற்றி நின்ற கூட்டத்தை நினைத்துப் பார்த்தால், நாடகத்தை வெறுத்த ஒருவருக்கு அந்தக் காலத்தில் கிடைத்த பார்வையாளர்கள் பல நடிகர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஹிஸ்டீரியாவும் இதுவும் ஒரே குடும்பமா?

இல்லவே இல்லை, ஆனால் இந்தக் குழப்பத்துக்கு நியாயம் உண்டு. ஹிஸ்டீரியா கிரேக்கச் சொல், ஹிஸ்டெரா என்றால் கருப்பை. கருப்பை இடம் மாறி உடம்புக்குள் அலைவதால் பெண்களுக்கு நோய் வருகிறது என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம். ஹிஸ்ட்ரியானிக்கின் வேரில் கருப்பையும் இல்லை, பெண்ணும் இல்லை, ஆடுகிறவன்தான் இருக்கிறான். ஹிஸ்டரியும் வேறு. உடல் திசுக்களைப் படிக்கும் ஹிஸ்டாலஜியும் வேறு, அது நெசவுத் தறிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வருவது.

ஓசையில் ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு சொற்களையும் நிஜமாகவே சந்திக்க வைத்தது மனநல மருத்துவம்.

ஹிஸ்ட்ரியானிக் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் என்கிறார்களே, அது?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்மின் 1968 பதிப்பில் 'ஹிஸ்டெரிக்கல் பர்சனாலிட்டி' என்று இருந்தது, அடைப்புக்குள் ஹிஸ்ட்ரியானிக் என்றும் போட்டிருந்தார்கள். 1980 பதிப்பில் கருப்பைச் சொல்லைத் தூக்கிவிட்டு ஹிஸ்ட்ரியானிக்கை மட்டும் வைத்தார்கள். எட்டு இயல்புகளைச் சொல்லி, அதில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்பது பிந்தைய பதிப்புகளின் கணக்கு: தான் கவனத்தின் நடுவில் இல்லாவிட்டால் தவிப்பது, மேலோட்டமாக சட்சட்டென்று மாறும் உணர்ச்சி, விவரம் இல்லாமல் வண்ணமாகப் பேசுவது, பழக்கத்தை உண்மையில் இருப்பதைவிட நெருக்கமாக நினைத்துக்கொள்வது, இந்த மாதிரி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி வகைப்பாட்டில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பு இந்தத் தனிப் பெயரையே கைவிட்டுவிட்டது.

என் கருத்து: பெயர் மாறியதால் சிக்கல் தீரவில்லை. இந்தச் சொல் பெண்கள்மேல் கொஞ்சம் சுலபமாகவே விழுகிறது, மேசையைத் தட்டிக் கத்துகிற ஆண் மேலாளருக்கு யாரும் இதை வைப்பதில்லை. அப்புறம் ஒன்று, உறவில் சண்டை வந்ததும் இணையத்தில் நான்கு வரி படித்துவிட்டு எதிராளிக்கு இந்த நோயைச் சூட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. அது மருத்துவர் நேரில் பார்த்து, பல ஆண்டு நடத்தையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

அப்படியானால் ஹிஸ்ட்ரியானிக் என்றால் உணர்ச்சி பொய் என்றா பொருள்?

பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் தவறு. வெளிப்பாடு பெரிது, கூட்டத்தை நோக்கியது என்பதுவரைதான் இந்தச் சொல்லுக்கு அதிகாரம். உள்ளே இருக்கும் வலி உண்மையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நிஜமாகவே பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதை, அழுகையை அடக்குவதே பண்பாடு என்று வளர்ந்த ஒருவர் பார்த்துவிட்டு ஹிஸ்ட்ரியானிக் என்று எழுதினால், அந்த வரியில் தெரிவது எழுதியவரின் ஊர் வழக்கம்தான். ஒப்பாரிக்கு என்று பாட்டே வைத்திருக்கிற நமக்கு இது புரியும்.

பொய் என்றே சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் இருக்கிறது, ஹிப்போக்ரிட். அதுவும் நடிகன்தான்! கிரேக்கத்தில் ஹிப்போக்ரிடேஸ் என்றால் மேடை நடிகன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அது வேஷக்காரனைக் குறிக்க, அந்த அர்த்தமே நிலைத்துவிட்டது.

தியேட்ரிக்கல், ட்ராமாட்டிக், மெலோட்ராமாட்டிக்... எல்லாம் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட. தியேட்டர் கிரேக்கத்தில் 'பார்க்கும் இடம்', ட்ராமா 'செய்யப்படுவது'. அதனால் ட்ராமாட்டிக் என்பது சம்பவத்துக்கே பொருந்தும்: விமானம் கடைசி நொடியில் தப்பியது ட்ராமாட்டிக், அங்கே யாரும் நடிக்கவில்லை. தியேட்ரிக்கல் பாராட்டாகவும் இருக்கலாம், திட்டாகவும் இருக்கலாம். மெலோட்ராமாவில் இருக்கும் 'மெலோ' இசை. பிரெஞ்சுக்காரர்கள் இசையோடு கூடிய நாடகத்துக்கு வைத்த பெயர், 1802-இல் தாமஸ் ஹோல்கிராஃப்ட் லண்டன் மேடைக்குக் கொண்டுவந்தார். கெட்டவன் நுழைந்தால் ஓர் இசை, கதாநாயகி மயங்கினால் ஓர் இசை. கதையோ சூழ்நிலையோ மிகையாகிப் போனால் மெலோட்ராமாட்டிக். ஆளின் நடத்தை மிகையானால்தான் ஹிஸ்ட்ரியானிக், அது எப்போதும் மனிதரைப் பற்றியது.

வாத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே போனபோது, ஆண் பறவையின் உடம்பெல்லாம் நீலச்சாம்பல், வெள்ளை, செம்பழுப்புப் பட்டைகளோடு வேஷம் கட்டியதுபோல் இருந்த ஒரு வடகடல் வாத்துக்கு இந்த லத்தீன் சொல்லை வைத்தார். ஆங்கிலத்தில் ஹார்லிக்வின் வாத்து (ஹார்லிக்வின் என்பது பல வண்ண உடை போட்ட பழைய இத்தாலிய நாடகக் கோமாளி), அறிவியல் பெயர் ஹிஸ்ட்ரியோனிகஸ் ஹிஸ்ட்ரியோனிகஸ், இரண்டு தடவை. கடற்பாசிக்குள் பாசியைப் போலவே உருமறைந்து இரை பிடிக்கும் ஒரு மீனுக்கு ஹிஸ்ட்ரியோ ஹிஸ்ட்ரியோ. அது அட்லாண்டிக்கில் மட்டுமில்லை, நம் இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. கொலம்பியாவில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு விஷத்தவளை, அதன் தோலிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுக்கு ஹிஸ்ட்ரியோனிகோடாக்சின் என்று பெயர், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுக்கக்கூடியது.

ஒரு நடிகரைப் பாராட்டி எழுதும்போது இதைப் போடலாமா?

யார் படிக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளில் இதற்கு இன்னும் பழைய நல்ல அர்த்தம் உயிரோடு இருக்கிறது. 'ஹிஸ்ட்ரியானிக்ஸில் பின்னிவிட்டார்' என்ற பொருளில் சினிமா விமர்சனம் எழுதினால் சென்னையில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதே வரியை லண்டனில் இருப்பவர் படித்தால், அந்த நடிகர் ஓவர் ஆக்டிங் செய்து கெடுத்துவிட்டார் என்றுதான் புரிந்துகொள்வார். வெளிநாட்டு வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்றால் பக்கத்தில் 'திறமை', 'கலை' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதினால் அங்கேயும் அது பாராட்டுதான். தனியாக, பன்மையில், ஹிஸ்ட்ரியானிக்ஸ் என்று மொட்டையாக மட்டும் விடாதீர்கள்.